முதல் நாள் என்ன கேட்பார்கள்?



இந்தப் பகுதிக்கு வருகின்ற கடிதங்களில் ஒரு வகையை நான் உறையைப் பிரிக்கும்போதே அறிந்துகொள்வேன். கடிதம் நாலாக மடிக்கப்பட்டு, இன்னொரு வெற்றுத் தாளுக்குள் சுற்றப்பட்டிருக்கும். பெயர் இராது, ஊர் இராது. முதல் பக்கம் முழுவதும் தலையிடி, நித்திரையின்மை, பிள்ளைகளின் படிப்பு என்று போகும். சொல்ல வந்த விடயம் கடைசி இரண்டு வரிகளில்தான் இருக்கும். "அவர் கிட்ட வந்தாலே எனக்கு உடம்பெல்லாம் விறைச்சுப் போகுது. இதுக்கு ஏதும் மருந்து இருக்கோ?"

நேரில் வருகிறவர்களும் இப்படித்தான். அரை மணித்தியாலம் வேறு கதை கதைத்துவிட்டு, எழும்பிக் கதவடிக்குப் போன பிறகு திரும்பி நின்று, "இன்னொண்டு கேக்க வேணும் அக்கா, வெக்கமாக் கிடக்கு" என்பார்கள். உளவளத்துணையாளராகப் பல வருடங்களாக வடக்கிலே வேலை செய்துவரும் எனக்கு, அந்த "இன்னொண்டு" என்னவாக இருக்கும் என்று இப்போது ஓரளவு தெரியும்.

கணவன் மனைவிக்கிடையிலான நெருக்கம், தாம்பத்திய உறவு சம்பந்தமான பிரச்சினைகளுக்கு உளவளத்துணை பெறலாம் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ஒரு கேள்வியில் தயங்கி நிற்கிறார்கள். "அங்கை போனால் என்ன கேப்பினம்? நடந்தது எல்லாத்தையும் சொல்ல வேணுமோ?" இந்த மாதம் அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன்.

எப்படியான பிரச்சினைகளுக்கு வரலாம்?

தடுப்பிலிருந்தோ புனர்வாழ்விலிருந்தோ கணவர் திரும்பி வந்து வருடங்கள் கடந்தும் இருவரும் அந்நியரைப் போல ஒரே வீட்டில் வாழ்கிறீர்களா? காலை இழந்த பிறகு, அல்லது செல் துண்டு பட்ட தழும்பின் பிறகு, உங்கள் உடம்பைக் கணவருக்குக் காட்டக் கூச்சமாக இருக்கிறதா? பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு, "இனி எனக்கு என்ன சந்தோஷம் வேண்டிக் கிடக்கு" என்று உறவிலிருந்து விலகிவிட்டீர்களா? உறவின்போது வலிக்கிறதா? கணவருக்கு இயலாமை ஏற்பட்டு, அந்த வெட்கத்தை அவர் குடியிலோ கோபத்திலோ மறைக்கிறாரா? மறுமணம் செய்த வீட்டில், முதற் கணவரின் நினைவு இடையில் வந்து நிற்கிறதா? இவை எல்லாவற்றுக்கும் வரலாம். வெளிநாட்டு வேலைக்குப் போய்த் திரும்பியவரோடு மீண்டும் பழகுவது கடினமாக இருந்தாலும் வரலாம்.

முன்னொரு காலத்தில் யாராவது உங்களைப் பலாத்காரப்படுத்தியிருந்தால், அதை ஒருவருக்கும் சொல்லாமலேயே மணம் முடித்திருந்தால், அதற்காகவும் வரலாம். வந்த பிறகும் அதைச் சொல்லாமல் இருக்கலாம். இதைப் பற்றிக் கீழே விரிவாக எழுதுகிறேன்.

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது?

பலர் இதைச் செய்வினை என்றும், கிரகபலன் என்றும், தங்கள் குணக்கேடு என்றும் நினைக்கிறார்கள். இதில் உங்கள் குற்றம் ஒன்றும் இல்லை. ஆபத்து வந்தால் ஓடவும், பதுங்கவும், அசையாமல் கிடக்கவும் நம் உடம்பு பழகியிருக்கிறது. செல் கூவும் சத்தத்துக்குப் பங்கருக்குள் பாய்ந்த காலத்தில் அந்தப் பழக்கம் நம்மைக் காப்பாற்றியது. 2009இல் சண்டை முடிந்துவிட்டது என்பது அறிவுக்குத் தெரியும். உடம்புக்கு அது தெரிய நாளெடுக்கும். இருட்டு, பாரமான காலடி, மதுவாடை, பின்னால் இருந்து வருகிற கை, இவற்றில் ஏதாவது ஒன்று பழைய பயத்தை எழுப்பிவிட்டால் போதும், நெஞ்சு படபடக்கும், தசைகள் இறுகும் அல்லது உடம்பு மரத்துப்போகும். அப்படியான நேரத்தில் ஆசை எழும்ப இடமில்லை. இதே காரியம் ஆண்களிலும் நடக்கிறது. கணவர் திரும்பிப் படுத்துக்கொள்வது வெறுப்பால் என்று மனைவி நினைப்பார். உண்மையில் அவர் தன் பயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

இருந்த இடமும் ஒரு காரணம். மெனிக் பாமில் ஒரே கூடாரத்துக்குள் பல குடும்பங்கள் இருந்தன. அந்த முகாம் 2012இல் மூடப்பட்ட பிறகும், தற்காலிகக் கொட்டிலில் மாமி, பிள்ளைகள் எல்லோரும் ஒரே அறையில் படுத்தெழும்பிய காலம் பலருக்கு நீண்டது. சத்தம் வராமல், அசையாமல், பயந்து பயந்து இருந்து பழகியவர்களுக்குத் தனி அறை கிடைத்த பிறகும் அந்தப் பயம் உடனே விட்டுப் போவதில்லை.

எங்கே போவது?

உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று கேளுங்கள். மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உங்களை வழிப்படுத்துவார். வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. அங்கு போவதற்குப் "பைத்தியம்" பிடித்திருக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வருகின்ற குடும்பநல உத்தியோகத்தரிடம் தனியாகக் கேட்டால் அவர் எந்தக் கிளினிக், எந்த நாள் என்று சொல்லுவார். 35 வயது கடந்தவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகும்போது அங்குள்ள வைத்தியரிடம் இதையும் சொல்லலாம். அரச சேவைகளுக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

உங்கள் ஊரவர் ஒருவர்தான் அந்த அலுவலகத்தில் இருக்கிறார், கதை வெளியே போய்விடும் என்று பயந்தால், பக்கத்து நகர வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். பெண் ஒருவரிடம் கதைக்க விரும்புகிறேன் என்று கேட்பதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு.

முதல் நாள்

நம் பெண்கள் எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் இருந்து தங்கள் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். முகாமில் பதிவு, பொலிசில் முறைப்பாடு, இராணுவ விசாரணை, 2010இல் அமைக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழு, பின்னர் 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போனோர் அலுவலகம் என்று அந்த வரிசை நீளமானது. ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். திகதி பிழைத்தால் திரும்பவும் கேட்பார்கள். சொல்லி முடித்து வீடு வந்தால் இரவு நித்திரை வராது. ஆகவே "உளவளத்துணை" என்றதும் இன்னொரு மேசை, இன்னொரு கோப்பு என்று மனம் பின்வாங்குவது இயல்பானது.

உளவளத்துணை விசாரணை அல்ல. அங்கே உங்கள் கதைக்குச் சாட்சி கேட்கமாட்டார்கள். முதல் நாளில் பெரும்பாலும் கேட்கப்படுவது இவ்வளவுதான்: இப்போது உங்களை அதிகம் வருத்துவது என்ன, அது எப்போதிருந்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், நித்திரையும் சாப்பாடும் எப்படி, ஏதும் வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறீர்களா, வீட்டில் உங்களுக்கு அடி உதைப் பயம் இருக்கிறதா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா, இங்கே வருவதால் என்ன மாற வேண்டும் என்று விரும்புகிறீர்கள். உறவு சம்பந்தமாக ஒன்றிரண்டு நேரடிக் கேள்விகளும் வரலாம். வலி இருக்கிறதா, விருப்பம் இல்லையா, பயம் இருக்கிறதா என்பது போன்றவை. எங்களுக்கு இவை வேலையில் கேட்கும் சாதாரணக் கேள்விகள். நீங்கள் எந்தச் சொல்லைப் பாவித்தாலும் எங்களுக்கு விளங்கும். "அந்த விசயம்" என்று சொன்னாலே போதும்.

எந்தக் கேள்விக்கும் "இதை இப்ப சொல்ல எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லலாம். நல்ல உளவளத்துணையாளர் அதோடு நிறுத்திக்கொள்வார். பலாத்காரம் நடந்த சகோதரிகளுக்கு இதை அழுத்திச் சொல்லுகிறேன். என்ன நடந்தது, யார் செய்தது என்ற விபரம் ஒன்றுமே சொல்லாமல்கூட வேலையைத் தொடங்கலாம். "எனக்கு முந்தி ஒரு கெட்ட அனுபவம் நடந்தது" என்ற ஒரு வசனம் போதுமானது. பயம் எப்போது வருகிறது, உடம்பில் எங்கே தெரிகிறது, எதைச் செய்தால் கொஞ்சம் தணிகிறது என்பதில் இருந்து தொடங்குவோம். மிச்சத்தை என்றைக்குச் சொல்வது, சொல்வதா விடுவதா என்பது உங்கள் தீர்மானம்.

ஒரு அமர்வு பொதுவாக முக்கால் மணி தொடக்கம் ஒரு மணித்தியாலம் வரை செல்லும். அழுகை வந்தால் அழலாம். ஒன்றும் கதைக்காமல் இருந்தாலும் யாரும் கோபிக்கப் போவதில்லை. முதல் நாளிலேயே மனப்பாரம் முழுவதும் இறங்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிலருக்கு அன்றிரவு கனவும் கலக்கமும் கூடலாம். அடுத்த முறை அதைச் சொல்லுங்கள். வேகத்தைக் குறைப்போம்.

இன்னொன்றும் அறிந்திருங்கள். உளவளத்துணையில் உடுப்புக் களையச் சொல்வதோ உடம்பைத் தொடுவதோ கிடையாது. உடற்பரிசோதனை தேவையென்றால் அதை வைத்தியர்தான் செய்வார். ஏன் என்று விளக்கி, உங்கள் சம்மதத்தைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும். பெண் தாதி ஒருவர் கூட நிற்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இந்த ஒழுங்கை யாராவது மீறினால் எழும்பி வந்து, மேலதிகாரியிடம் முறையிடுங்கள்.

கதை வெளியே போகுமா?

நீங்கள் சொல்வது கணவருக்கோ மாமிக்கோ கிராம அலுவலருக்கோ போகாது. ஆனால் விதிவிலக்குகள் உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுவது தெரியவந்தால், நீதிமன்றம் கட்டளையிட்டால், உரிய இடத்துக்கு அறிவிக்க நேரிடும். இதை முதல் நாளிலேயே உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். குறிப்புகளை எங்கே வைப்பீர்கள், யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது.

கணவரும் வர வேண்டுமா?

கட்டாயம் இல்லை. தனியாகவே தொடங்கலாம். இருவரும் விரும்பி வந்தாலும், முதலில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சந்திப்பதே நல்ல முறை. வீட்டில் அடி உதை இருக்கிறதா என்பதைத் தனியாகத்தான் கேட்க முடியும். அப்படியிருந்தால் இருவரையும் ஒன்றாக இருத்திக் கதைப்பதை நாங்கள் தவிர்ப்போம். அறைக்குள் மனைவி சொன்ன ஒரு சொல்லுக்காக வீட்டில் அடி விழக்கூடாது.

"மனுசன் தானே, அனுசரிச்சுப் போ" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். விருப்பமில்லாத உறவுக்குப் பலவந்தப்படுத்துவது மணவாழ்க்கையின் கடமை ஆகாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை ஒன்றைக் கேட்கலாம். அது 12 மாதம் வரை வழங்கப்படலாம். சில அரச வைத்தியசாலைகளில் "நட்பு நிலையம்" என்ற பெயரில் இப்படியான பெண்களுக்கு உதவும் பிரிவு இயங்குகிறது.

பிறகு வரும் அமர்வுகளில்

முதலில் உடம்பைச் சரிபார்ப்போம். சீனி வருத்தம், பிரஷர், மதுப் பழக்கம் ஆகியன ஆண்களில் இயலாமையை ஏற்படுத்தக்கூடும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் ஆணிலும் பெண்ணிலும் ஆசையைக் குறைக்கும். பால் கொடுக்கும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் பெண்ணுறுப்பில் வறட்சி ஏற்பட்டு வலிக்கும். இவற்றுக்கு வைத்தியரிடம் வழி உண்டு. மாத்திரைதான் காரணம் என்று நினைத்து அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வைத்தியரிடம் சொன்னால் அளவையோ வகையையோ மாற்றுவார். சிலருக்குப் பயத்தால் பெண்ணுறுப்பைச் சுற்றியுள்ள தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் அது கூடுமே தவிரக் குறையாது. படிப்படியான பயிற்சியால் அதைக் குணப்படுத்தலாம்.

அதன் பிறகு வீட்டில் செய்ய வேண்டிய சிறு பயிற்சிகள் வரும். அமெரிக்காவைச் சேர்ந்த வில்லியம் மாஸ்டர்ஸ், வேர்ஜீனியா ஜோன்சன் என்ற இருவர் 1970இல் வெளியிட்ட நூலில் விளக்கிய முறை ஒன்று இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. கொஞ்சக் காலத்துக்கு உடலுறவே வேண்டாம் என்று இருவரும் ஒத்துக்கொள்வார்கள். அந்தப் பாரம் இறங்கிய பிறகு, கையைப் பிடிப்பது, தலையைத் தடவுவது என்று பயமில்லாத தொடுகையிலிருந்து தொடங்கி, இருவருக்கும் வசதியான வேகத்தில் மெல்ல மெல்ல முன்னேறுவார்கள். எந்த இடத்திலும் "போதும்" என்று சொல்லலாம். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கும் அவயவம் இழந்தவர்களுக்கும்கூட இந்த வழியில் நெருக்கம் சாத்தியமானதே.

விபரங்களை மாற்றி ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். கணவர் சில வருடம் கழித்துத் திரும்பி வந்திருந்தார். அவர் இல்லாத காலத்தில் மனைவி தனியாகப் பிள்ளையைக் காத்தவர். இரவில் அவர் கை பட்டால் இவர் திடுக்கிட்டு எழும்பிவிடுவார். தன்னை அருவருக்கிறாள் என்று அவர் நினைத்தார். தன்னைச் சந்தேகப்படுகிறார் என்று இவர் நினைத்தார். முதல் இரண்டு அமர்வுகளிலும் பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டுமே இவர் கதைத்தார். மூன்றாவதில்தான் விடயம் வந்தது. பிறகு கணவரும் வந்தார்.

நாங்கள் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பின்னேரத்தில் கால் மணித்தியாலம் இருவரும் இருந்து பிளேன்ரீ குடிக்க வேண்டும், கடன் கதை அப்போது கதைக்கக்கூடாது. இரவில் சின்ன வெளிச்சம் எரிய வேண்டும். கதவு தெரியும் பக்கமாக மனைவி படுக்க வேண்டும். தொடுவதற்கு முன் கணவர் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பின்னால் இருந்து தொடக்கூடாது. ஐந்து மாதத்துக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எல்லாம் சரி என்று அவர் சொல்லவில்லை. "இப்ப நான் வேண்டாமெண்டு சொன்னால் அவர் கோவிக்கிறேல்லை. அதாலை எனக்குப் பயம் குறைஞ்சிருக்கு" என்றார். ஒரு குடும்பத்துக்கு இதுவே பெரிய மாற்றம் என்பது எனக்குத் தெரியும்.

தனித்திருக்கும் சகோதரிகளுக்கு

கணவரை இழந்தவர்களும், காணாமற்போன கணவருக்காகக் காத்திருப்பவர்களும் இதை வாசித்துவிட்டு, "இது எங்களுக்கில்லை" என்று தாளைத் திருப்பிவிடாதீர்கள். தனிமை உங்களையும் வாட்டுகிறது. ஆசை வருவதும், ஒருவர் துணையாக இருக்க வேண்டும் என்று மனம் ஏங்குவதும் துரோகம் என்று எண்ணி உள்ளுக்குள்ளேயே உங்களைத் தண்டிக்கிறீர்கள். படத்துக்கு முன் விளக்கு வைக்கவும் முடியாமல், பொட்டை அழிக்கவும் முடியாமல் இருக்கிற ஒருத்திக்கு அந்தக் குழப்பம் இரட்டிப்பு. மறுமணம் செய் என்றோ செய்யாதே என்றோ உளவளத்துணையாளர் சொல்லமாட்டார். ஊர் என்ன சொல்லும் என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நீங்கள் என்ன விரும்புகிறீர்கள் என்பதைப் பயமில்லாமல் சொல்லிப் பார்க்கும் இடம் அது.

போவதற்கு முன்

ஒரு துண்டில் மூன்று விடயம் எழுதிக்கொண்டு போங்கள்: என்னை வருத்துவது என்ன, நான் எடுக்கும் மருந்துகள் எவை, இப்போதைக்கு நான் சொல்ல விரும்பாதது எது. மூன்றாவதை அவருக்குக் காட்ட வேண்டியதில்லை. அது உங்களுக்கான எல்லை. கதை தொடங்கக் கஷ்டமாக இருந்தால் முதல் விடயத்தை வாசித்துக் காட்டினால் போதும். இரண்டு மூன்று முறை போய்ப் பார்த்தும் அவரோடு மனம் ஒத்துவராவிட்டால் வேறு ஒருவரைக் கேளுங்கள். நாங்கள் கோபிக்கமாட்டோம்.

உடனே போக முடியாதவர்கள் 1926 என்ற தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கத்துக்கோ, பெண்களுக்கான 1938 என்ற இலக்கத்துக்கோ அழைக்கலாம். வீட்டில் யாரும் உங்கள் தொலைபேசியைப் பார்ப்பார்கள் என்ற பயம் இருந்தால், அழைத்த இலக்கத்தை அழித்துவிடுங்கள்.

கடிதத்தை நாலாக மடித்து அனுப்பிய சகோதரிக்கு: மருந்து இருக்கோ என்று கேட்டிருந்தீர்கள். உடம்பு விறைப்பதைக் குறைக்க வழி இருக்கிறது, அது மெதுவான வழி. அடுத்த கிளினிக் நாளில் அந்தக் கடைசி இரண்டு வரிகளை முதலில் சொல்லுங்கள். மிச்சத்தை, நீங்கள் சொல்ல விரும்பினால், பிறகு பார்ப்போம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.